முடி பின்னும் மடியில் பல் துலக்கலாம்

அமெரிக்கக் கறுப்பினக் குடும்பங்கள் பலவற்றில் ஞாயிற்றுக்கிழமை மாலை தலை பின்னும் நேரம். அம்மாவோ பாட்டியோ சோபாவில் உட்கார்ந்திருப்பார்; பிள்ளை தரையில், அவர் முழங்கால்களுக்கு நடுவே. சீப்பு பட்டாலே கத்துகிற பிள்ளையை 'டெண்டர் ஹெடட்' என்பார்கள். அந்தப் பிள்ளையை எப்படிக் கையாள்வது என்று அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையை நாலு பாகமாகப் பிரித்துக் கிளிப் போடுவார். நுனியில் தொடங்கி வேரை நோக்கிச் சிக்கெடுப்பார். சீப்பை இழுக்கும்முன் வேர்ப்பக்கத்து முடியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார், வலி தலைக்குப் போகாது. "இன்னும் ரெண்டு பின்னல்தான்" என்று சொன்னால் இரண்டோடு நிறுத்துவார்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குப் பல் துலக்க வேண்டிய வித்தை முழுவதும் இதில் இருக்கிறது. ஆனால் பல் என்று வந்ததும் அதே அம்மாவைக் குளியலறைக்கு அனுப்பிவிடுகிறோம். அங்கே கூசும் வெள்ளை விளக்கு, சத்தத்தைத் திருப்பி அடிக்கும் டைல்ஸ், ஓடும் குழாய், எதிரே பிரஷோடு நிற்கும் பெரியவர். பிள்ளை வாயை மூடிக்கொள்வதில் ஆச்சரியம் இல்லை.

பல் துலக்கலைச் சோபாவுக்கே கொண்டுவந்துவிடலாம். பிள்ளை தலை பின்னும்போது உட்காரும் அதே இடம்; தலையைப் பின்னால் சாய்த்து மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். இடது உள்ளங்கை தாடையைத் தாங்கும், இடது ஆள்காட்டி விரல் உதட்டைத் தூக்கும், வலது கையில் பிரஷ். மேலிருந்து பார்ப்பதால் மேல் கடைவாய்ப் பற்கள்கூடத் தெளிவாகத் தெரியும். எதிரே நின்றால் அவை தெரியவே தெரியாது. வாயையும் நாலு பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பாகத்துக்குப் பத்து எண்ணிக்கை, சத்தமாக, ஒரே வேகத்தில். பத்தில் பிரஷ் வெளியே வந்தே ஆக வேண்டும். "இன்னும் ஒண்ணே ஒண்ணு" என்று பதினொன்றைச் சேர்க்கிற நாளில் மூன்று வார உழைப்பு போய்விடும், ஏனென்றால் அந்தப் பிள்ளை தாங்கிக்கொண்டிருந்தது முடிவு எப்போது வரும் என்று தெரிந்ததால்தான்.

தொடக்கமே பத்தாக இருக்க வேண்டியதில்லை. முதல் வாரம் ஈரமில்லாத மென்மையான பிரஷ் உதட்டில் பட்டால் போதும், மூன்று எண்ணி எடுத்துவிடலாம். அடுத்து முன்பற்களின் வெளிப்பக்கம், பிறகு ஒரு பக்கக் கடைவாய். முன்னேற்றம் நின்றால் ஒரு படி பின்னால் போவதில் தவறில்லை. அழும்போது அமுக்கிப் பிடித்து முடித்துவிடுவதுதான் தவறு.

முன்பல்லைத் துலக்கும்போது மட்டும் துள்ளுகிற பிள்ளைகள் உண்டு. காரணம் பெரும்பாலும் மேலுதட்டையும் ஈறையும் இணைக்கிற சின்னச் சதைநார். பிரஷின் முனை அதில் இடித்தால் சுரீரென்று வலிக்கும். உதட்டைத் தூக்கும் ஆள்காட்டி விரலை அந்த நாரின்மேல் குறுக்காக வைத்துவிட்டால் இடி விரலில் விழும். வேர்முடியைப் பிடித்துக்கொண்டு சிக்கெடுப்பது போலத்தான் இதுவும்.

பேஸ்டைக் கடைசியில் கொண்டுவாருங்கள். அழுக்கை எடுப்பது பிரஷ். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு என்ற தாதுவைக் கொடுப்பதுதான் பேஸ்டின் முக்கிய வேலை. புதினாவின் எரிச்சலும் நுரையும் பிடிக்காத பிள்ளைக்கு முதலில் வெறும் பிரஷால் துலக்கிவிட்டு, வாசனையோ நுரையோ இல்லாத ஃபுளோரைடு பேஸ்டை முடிவில் விரலால் தடவிவிடலாம். 3 வயதுக்குள் ஒரு அரிசி அளவு, 3 முதல் 6 வரை ஒரு பட்டாணி அளவு. அதற்கு மேற்பட்ட வயதிலும் துப்பத் தெரியாத பிள்ளைக்கு அரிசி அளவிலேயே நிற்பது நல்லது. துலக்கியபின் வாய் கொப்பளிக்க வேண்டாம், தடவிய ஃபுளோரைடு கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு நாளில் ஒரு தடவைதான் முடியும் என்றால் அது இரவாக இருக்கட்டும், தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு. முப்பது வினாடிதான் கிடைக்கும் என்றால் கடைவாய்ப் பற்களின் மேல்பள்ளங்களும் மேல் முன்பற்களின் ஈறோரமும் போதும். சொத்தை அங்கேதான் தொடங்கும்.

மின்சார பிரஷ் சில பிள்ளைகளுக்குப் பிடித்துப்போகும், சிலரை ஓட வைக்கும். பார்பர் கடையில் கிளிப்பர் சத்தத்துக்குப் பழகிய பையனுக்கு அதே வரிசையைப் பின்பற்றலாம்: முதலில் அணைத்த நிலையில் கையில் கொடுப்பது, பிறகு ஓடவிட்டு உள்ளங்கை, தோள், கன்னம், கடைசியில் பல். பழகிய பிரஷையும் பேஸ்டையும் எப்போதும் இரண்டு கூடுதலாக வாங்கி வையுங்கள். கம்பெனி டப்பாவின் நிறத்தை மாற்றினால்கூடச் சில பிள்ளைகள் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

சாப்பாட்டில் மறைந்திருக்கும் விஷயம் ஒன்று. ஆட்டிசம் பிள்ளைகளுக்கான நடத்தைப் பயிற்சி வாரத்துக்கு 20 முதல் 40 மணி நேரம்கூட நடக்கும்; அதில் ஒவ்வொரு சரியான பதிலுக்கும் ஒரு ஜெல்லி மிட்டாயோ ஸ்கிட்டில்ஸோ பரிசாகக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு மிட்டாய்க்குப் பிறகு வாயின் அமிலம் தணிய 20, 30 நிமிடம் ஆகும். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று என்றால் அது தணிவதே இல்லை. எத்தனை மிட்டாய் என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் பல்லுக்குக் கணக்கு. பயிற்சியாளரிடம் எழுத்தில் கேளுங்கள்: உணவுப் பரிசு வேண்டாம், சோப்புக் குமிழி, டோக்கன், பிடித்த வீடியோவின் பத்து வினாடி என்று மாற்றுங்கள். சர்க்கரைப் பாகு கலந்த மருந்தைப் பல் துலக்குவதற்கு முன் கொடுங்கள், பின் அல்ல.

ஜூஸை ஒரே நாளில் நிறுத்த முடியாது. இந்தப் பிள்ளைகள் சுவை மாற்றத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். 240 மில்லி கோப்பையில் ஒரு மேசைக்கரண்டி ஜூஸை எடுத்துவிட்டு அதே அளவு தண்ணீர் ஊற்றுங்கள். நாலு நாள் அப்படியே விட்டு அடுத்த கரண்டி. பதினாறு படி, ஏறக்குறைய இரண்டு மாதம்.

தண்ணீர் என்றதும் பாட்டிலைத் திறக்கும் வீடுகள் நிறைய. 2014-இல் மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில் குழாய்த் தண்ணீரில் ஈயம் கலந்த பிறகு, கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் குழாயை நம்பச் சொல்வது எளிதல்ல, சொல்லவும் கூடாது. ஆனால் பல ஊர்களின் குழாய்த் தண்ணீரில் இருப்பதுபோலப் பல்லுக்குப் போதுமான ஃபுளோரைடு பெரும்பாலான பாட்டில் தண்ணீரில் இல்லை. ஈயத்தை நீக்குவதற்கென என்எஸ்எஃப் 53 என்ற தரச்சான்று பெற்ற கரி வடிகட்டி ஈயத்தைப் பிடித்துக்கொண்டு ஃபுளோரைடைப் பெரும்பாலும் விட்டுவிடும். ஆர்ஓ இயந்திரமோ இரண்டையும் எடுத்துவிடும். வாங்கும்போது பார்க்க வேண்டியது இதுதான்.

இனி வீட்டுக்கு வெளியே. 2020-இல் வெளியான ஓர் ஆய்வில், கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஆட்டிசம் என்று உறுதி செய்யப்பட்ட சராசரி வயது 5-ஐத் தாண்டியிருந்தது. பெற்றோர் முதலில் சந்தேகப்பட்டதற்கும் அதற்கும் இடையே 3 ஆண்டுகளுக்கு மேல். பல்லின் காலண்டரோடு இதைப் பொருத்திப் பாருங்கள். பால் கடைவாய்ப் பற்கள் பெரும்பாலும் இரண்டரை வயதுக்குள் வந்துவிடுகின்றன. சான்றிதழ் கைக்கு வரும்போது அந்தப் பற்கள் சொத்தைக்கு மூன்று ஆண்டு கொடுத்து முடித்திருக்கும். அதனால் சான்றிதழுக்குக் காத்திருக்காதீர்கள். முதல் பல் வந்த ஆறு மாதத்துக்குள், அல்லது முதல் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவரைப் பார்க்கலாம். குறைந்த வருமானக் குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டில் உள்ள 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குப் பல் சிகிச்சை சலுகை அல்ல, சட்டம். இபிஎஸ்டிடி என்று பெயர். வண்டி ஏற்பாடும் அதில் அடக்கம், முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பல்மேல் பூசும் ஃபுளோரைடு வார்னிஷைக் குழந்தை மருத்துவரே தடவலாம். ஒரு நிமிட வேலை, தடுப்பூசி போட வரும் நாளிலேயே கேளுங்கள்.

மருத்துவரைத் தேட இன்ஷூர் கிட்ஸ் நவ் என்ற அரசு இணையதளம் இருக்கிறது. சிறப்புத் தேவை உள்ள பிள்ளைகளை ஏற்பவர்கள் யார் என்று பிரித்துத் தேடலாம். பட்டியலில் பெயர் இருப்பதும் உண்மையில் ஏற்பதும் ஒன்றல்ல, ஃபோன் செய்துதான் தெரியும். "ஆட்டிசம் பிள்ளைகளைப் பார்ப்பீர்களா?" என்று கேட்டால் ஆமாம் என்பார்கள். அதனால் கேள்வியைக் கூர்மையாக்குங்கள். சிகிச்சை எதுவும் இல்லாமல் நாற்காலியைப் பார்க்க மட்டும் வரலாமா? காலை முதல் நேரம் கிடைக்குமா? காரிலேயே காத்திருந்து அழைத்ததும் நேராக உள்ளே வரலாமா? நான் பக்கத்தில் இருக்கலாமா? பிள்ளை ஒத்துழைக்காவிட்டால் அடுத்து என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு "கட்டிவைப்போம்" அல்லது "மயக்க மருந்து" என்பது மட்டுமே பதிலாக வந்தால் வேறு இடம் பாருங்கள். 2021 முதல் சிறப்புத் தேவை உள்ள நோயாளிகளுக்கான ஒருங்கிணைப்புக்கு டி9997 என்ற கட்டணக் குறியீடு வந்திருக்கிறது. எல்லாத் திட்டங்களும் பணம் கொடுப்பதில்லை, ஆனால் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் வரவேற்பில் இருப்பவர் மேலாளரைக் கூப்பிடுவார்.

கறுப்பினப் பல் மருத்துவரையே பார்க்க விரும்பும் குடும்பங்கள் உண்டு, நியாயமான விருப்பம். நாட்டின் பல் மருத்துவர்களில் அவர்கள் 4 சதவீதம் அளவில்தான். வரலாற்றுரீதியாகக் கறுப்பினத்தவருக்கான கல்லூரிகளான, வாஷிங்டனில் 1881-இல் தொடங்கிய ஹோவர்ட் பல் மருத்துவக் கல்லூரியும் நாஷ்வில்லில் 1886-இல் தொடங்கிய மெஹாரியும் பக்கத்தில் இருந்தால் நல்லது. மாணவர்கள் பார்க்கும் கல்லூரி மருத்துவமனையில் நேரம் அதிகமாகும், அதைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் பல்கலைக்கழகத்தில் 2019-லும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2021-லும் மாற்றுத்திறனாளிகளுக்கென்றே பல் மையங்கள் திறந்திருக்கிறார்கள்.

போகும் நாளுக்கான தயாரிப்பில் எல்லாக் கையேடுகளும் படக்கதை, காதடைப்பான், வெயில் கண்ணாடி என்று சொல்லும். சரிதான். தலைமுடி பற்றி ஒன்றும் சொல்லாது. புதிதாக இறுக்கிப் பின்னிய தலை இரண்டு மூன்று நாள் வலிக்கும். அந்தத் தலையை நாற்காலியின் கெட்டியான தலையணையில் சாய்த்தால் பிள்ளை துள்ளும், பல்லுக்குப் பயந்து துள்ளுகிறது என்று எழுதிக்கொள்வார்கள். எனவே பின்னலையும் பல் மருத்துவரையும் ஒரே வாரத்தில் வைக்காதீர்கள். பின்னந்தலையில் மணி கோத்த பின்னலோ உயரக் கொண்டையோ வேண்டாம், சாய்ந்தால் குத்தும். உலோக வளையம் எக்ஸ்ரேயில் நிழலாக விழும். வீட்டில் போடும் சாட்டின் தொப்பியைப் போட்டே உட்கார வைக்கலாம், பழகிய துணி, முடியும் உரசாது. தலையைத் தொடும்முன் சொல்லிவிட்டுத் தொடச் சொல்லுங்கள்.

கட்டிவைக்கும் பலகை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பப்பூஸ் போர்டு என்பார்கள். பட்டையால் உடலைச் சுற்றிக் கட்டுவது. கறுப்பினப் பிள்ளையைப் பட்டையால் கட்டுவதைப் பார்க்கும் பெற்றோர் மனத்தில் என்னென்ன ஓடும் என்பதை விளக்கத் தேவையில்லை. இதற்கான சம்மதம் வரவேற்பில் நீட்டும் பொதுப் படிவத்தில் ஒரு வரியாக ஒளிந்திருக்கலாம். படித்து, அந்த வரியை அடித்து, "முதலில் என்னைக் கேட்க வேண்டும்" என்று எழுதிக் கையெழுத்திடுங்கள். கொடுத்த சம்மதத்தை நடுவிலும் திரும்பப் பெறலாம். லாஸ் ஏஞ்சல்ஸ் குழந்தைகள் மருத்துவமனையில் விளக்கைக் குறைத்து, மெல்லிய இசையும் மெதுவாக நகரும் ஒளிப்படமும் வைத்து, பட்டாம்பூச்சிச் சிறகு போன்ற கனத்த போர்வையால் அணைத்துச் சோதித்தார்கள். ஆட்டிசம் பிள்ளைகளின் பதற்றம் குறைந்தது என்று 2023-இல் வெளியான முடிவு சொல்கிறது. பிள்ளையை அடக்கக் கட்டுவதும் பிள்ளை விரும்பும் அழுத்தத்தைக் கொடுப்பதும் வேறு வேறு.

சின்னச் சொத்தைக்கு மயக்க மருந்து வரை போக வேண்டியதில்லை. 38 சதவீத சில்வர் டைஅமைன் ஃபுளோரைடு என்ற திரவத்தைப் பல்லைப் பஞ்சால் உலர்த்திச் சின்னப் பிரஷால் ஒரு நிமிடம் தடவினால் சொத்தை பரவுவது பெரும்பாலும் நிற்கும். ஊசி இல்லை, துளையிடும் சத்தம் இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை திரும்பத் தடவ வேண்டும். உலோகச் சுவை இருக்கும், தோலில் பட்டால் ஒன்றிரண்டு வாரம் கறை இருக்கும். தானாகவே வலிக்கிற பல்லுக்கும், ஈறில் சீழ்க்கொப்புளம் வந்த பல்லுக்கும், வெள்ளி ஒவ்வாமை உள்ளவருக்கும் ஆகாது. பெரிய தடை, தடவிய இடம் நிரந்தரமாகக் கருத்துவிடும். முன்பல் கருத்த கறுப்பினப் பிள்ளையைப் பள்ளியில் பார்ப்பவர் 'கவனிக்காத வீடு' என்று முடிவுகட்டுவார் என்ற பயம் கற்பனை அல்ல. கடைவாய்ப் பல்லுக்குத் தயங்காமல் ஒப்புக்கொள்ளலாம். முன்பல்லுக்கு என்றால், மேலே கிளாஸ் அயனோமர் என்ற வெள்ளை நிற அடைப்புப் பொருளால் மூட முடியுமா என்று கேளுங்கள், "இது மருந்தின் நிறம்" என்று மருத்துவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் வாங்கிப் பள்ளியில் கொடுங்கள். பெரிய சொத்தைப் பால் கடைவாய்ப் பல்லுக்குத் துளையிடாமல் ஸ்டீல் தொப்பியைப் பொருத்தும் ஹால் முறையும் இருக்கிறது.

மயக்க மருந்து தவிர்க்க முடியாதபோது மூன்று விஷயம். முதலாவது, அரிவாள் செல் என்ற பரம்பரை இரத்த நோய்க்கான சோதனை முடிவு. அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளில் ஏறக்குறைய 13 பேரில் ஒருவருக்கு அதன் மரபணுவைச் சுமக்கும் பண்பும், 365 பேரில் ஒருவருக்கு அந்த நோயும் இருக்கும்; பிறந்தபோது எடுத்த சோதனையின் முடிவைக் கையோடு கொண்டுபோங்கள். இரண்டாவது, விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி. கருமையான தோலில் அது உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். பெரியவர்களிடம் செய்து 2020-இல் வெளியான ஆய்வில், கருவி பிடிக்கத் தவறிய ஆக்சிஜன் குறைவு கறுப்பினத்தவரிடம் வெள்ளையரைவிட ஏறக்குறைய 3 மடங்கு இருந்தது. அதனால் மூச்சில் வரும் கரியமில வாயுவை அளக்கும் கேப்னோகிராஃப் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் அந்த இடத்தில் வேண்டாம். மூன்றாவது, இரத்தச் சோதனை, காதுப் பரிசோதனை, நகம் வெட்டுதல் என்று தள்ளிப்போட்டவற்றையும் அதே மயக்கத்தில் முடித்துக்கொள்ள முன்கூட்டியே ஏற்பாடு செய்யுங்கள்.

பேசாத பிள்ளையின் பல்வலி நடத்தையாகத்தான் வெளியே வரும். தாடையில் அடித்துக்கொள்வது, குளிர்ந்த தண்ணீரை மறுப்பது, ஒரு பக்கமே மெல்லுவது, இரவில் விழிப்பது, புதிதாகத் தலையை இடித்துக்கொள்வது. இதை 'ஆட்டிசம்தான்' என்று ஒதுக்குவது ஒரு சுவர். கறுப்பினத்தவருக்கு வலி குறைவு என்ற பொய் இன்னொரு சுவர். 2016-இல் வெளியான வர்ஜீனியா பல்கலைக்கழக ஆய்வில் மருத்துவ மாணவர்களும் பயிற்சி மருத்துவர்களும்கூடக் கறுப்பினத்தவரின் தோல் தடிமனானது போன்ற கற்பிதங்களை நம்பியது தெரிந்தது. இரண்டையும் உடைப்பது தேதி போட்ட குறிப்பு. "ரொம்ப அழுகிறான்" என்பதற்குப் பதில் "செவ்வாய் இரவிலிருந்து மூன்று முறை விழித்தான், இடது பக்கம் மெல்லவில்லை" என்று சொல்லுங்கள், ஃபோனில் எடுத்த வீடியோவைக் காட்டுங்கள். ஈறைப் பார்க்கும்போது நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். கருமை படிந்த ஈறு இயல்பானது, அதில் சிவப்பு எளிதில் தெரியாது. வீக்கம், பளபளப்பு, இரத்தக்கசிவு, முகப்பரு போன்ற மேடு, இவற்றைத் தேடுங்கள். கண் பக்கமோ தாடைக்குக் கீழோ முகம் வீங்கினாலும், காய்ச்சலோடு விழுங்க முடியாமல் போனாலும் அன்றே அவசர சிகிச்சைப் பிரிவு. 2007-இல் மேரிலாந்தில் டியமோன்டே டிரைவர் என்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவன் பல் சீழின் தொற்று மூளைக்குப் பரவி இறந்தான். 80 டாலரில் பிடுங்கியிருக்கக்கூடிய பல் அது.

அந்தக் குறிப்புப் புத்தகத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பல் மருத்துவர்கள் சட்டப்படி குழந்தைப் புறக்கணிப்பைப் புகார் செய்யக் கடமைப்பட்டவர்கள். வாய் நிறையச் சொத்தையோடு வரும் பிள்ளையைப் பார்த்து அப்படி நினைத்துவிடுவார்களோ என்ற பயத்தில் குடும்பங்கள் போகாமலே இருக்கின்றன, சொத்தை பெரிதாகிறது. எந்தத் தேதியில் எந்த மருத்துவமனையை அழைத்தீர்கள், யார் என்ன பதில் சொன்னார், காத்திருப்புப் பட்டியல் எத்தனை மாதம், வீட்டில் எந்தப் படி வரை துலக்க முடிகிறது என்று நாளுக்கு ஒரு வரி போதும். வேண்டுமென்றே விடுவது வேறு, கதவு திறக்காதது வேறு என்பதை அந்தப் பக்கங்கள் காட்டிவிடும். மெடிக்கெய்ட் திட்டம் சிகிச்சையை மறுத்தாலும் இதே புத்தகம்தான் சாட்சி. மறுப்பை எழுத்தில் வாங்குங்கள்; திட்டத்திடம் மேல்முறையீடு செய்ய கடிதத் தேதியிலிருந்து 60 நாள் உண்டு, வலியோ தொற்றோ இருந்தால் விரைவு முறையீடு என்று கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும். அதிலும் தோற்றால் மாநில அரசின் விசாரணை கேட்க, மாநிலத்தைப் பொறுத்து 90 முதல் 120 நாள்.

21-ஆம் பிறந்தநாளோடு இபிஎஸ்டிடி முடிந்துவிடும். பெரியவர்களுக்கான பல் சிகிச்சையை மாநிலங்கள் விருப்பப்படிதான் கொடுக்கின்றன, சில மாநிலங்களில் அவசரத்துக்குப் பல் பிடுங்குவது மட்டும்தான். மயக்க மருந்துக்கான வரிசை மாதக்கணக்கில் நீளும் என்பதால், ஞானப்பற்களின் எக்ஸ்ரேயைப் பிள்ளைக்கு 18 ஆகும்போதே எடுத்து, பிடுங்க வேண்டியவை உண்டென்றால் அனுமதிக்கு 19-இல் எழுதிப் போட்டுவிடுங்கள்.